கொடுக்கும் பட்டை

பொய் சொல்கிறவர்களைக்கூட மன்னித்துவிடுவேன். எண்ணத் தெரியாதவர்களை என்னால் மன்னிக்க முடியாது. பொய் சொல்கிறவனுக்கு உண்மை என்னவென்றாவது தெரியும். இருபத்திரண்டு வருடமாகத் தூக்க நல வாரியத்தில் புள்ளிவிவரம் எடுத்துக்கொண்டிருக்கிற எனக்கு, ஆவுடையப்பன் என்று பெயர் போட்டு, உன் கணக்கு தப்பு என்று ஒரு நர்ஸ் கடிதம் எழுதியிருந்தாள்.

"உங்கள் அறிக்கையில் முத்தன்துறை துறைமுகக் குடியிருப்பில் தூக்கம் வராதவர்கள் யாருமே இல்லை என்று இருக்கிறது. என் வார்டில் பதினேழு பேரைப் பார்த்திருக்கிறேன். நேரில் வந்தால் காட்டுகிறேன். இப்படிக்கு, சகாயராணி, தீக்காயப் பிரிவு."

தீக்காயத்துக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? அந்த அம்மாளின் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டு வருவது என்று மறுநாள் காலையிலேயே கிளம்பினேன்.

கிளம்பும்போதே எரிச்சல். வீட்டில் காபி இல்லை. பிரமு பால் பாத்திரத்தை இறக்கும்போது கையில் கொட்டிக்கொண்டுவிட்டாள். பிரமநாயகி என்ற என் மனைவிக்கு இது புதிதில்லை, போன மாதம் சாம்பார். முழங்கைவரை டூத்பேஸ்ட் பூசிக்கொண்டு அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அடுப்பு முன்னால நிக்கும்போது உனக்குப் புத்தி எங்கதான் போகுது?" என்றேன்.

"கை தவறிட்டு" என்றாள். அதற்கு மேல் பேச எனக்கு நேரமில்லை. பாளையங்கோட்டையிலிருந்து முத்தன்துறைக்கு ஒன்றரை மணி நேரம்.

பஸ்ஸில் என் அறிக்கையை மறுபடி படித்தேன். ஒரு பிழை கிடையாது. ஆறு வருடத்துக்கு முன், ஆள் ஆளாகச் சோதித்து எடுத்த கணக்கில், நூற்றுக்கு முப்பது பேர் தூக்கம் வராமல் கிடந்தார்கள். முறை மாற்றி வேலை பார்க்கிறவர்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள், நோய்க்காரர்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெண்கள். ஆண்கள் இரண்டு பேர் என்றால் பெண்கள் மூன்று பேர். இப்போது மொத்தமே நூற்றுக்கு இரண்டு. மாத்திரை செய்யாததை இணைப்பட்டை செய்தது.

இணைப்பட்டை என்பது தலையில் கட்டுகிற இரண்டு பட்டைகள். தூக்கம் வராதவர் ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும், அது வாங்கும் பட்டை. அதே வீட்டில் நன்றாகத் தூங்குகிற ஒருவர் இன்னொன்றைக் கட்டிக்கொள்வார், அது கொடுக்கும் பட்டை. கொடுக்கிறவருடைய மூளையின் தூக்க ஓட்டம் வாங்குகிறவருடைய மூளைக்குப் போகும். வாங்குகிறவர் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவார். ஐந்து வருடமாவது ஒரே கூரையின் கீழ் படுத்து எழுந்தவர்களுக்குத்தான் அந்த ஓட்டம் பொருந்தும், அதனால் வெளியாள் கொடுக்க முடியாது. கொடுக்கிறவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று வாரியம் ஊரெல்லாம் சொன்னது. நானும் சொன்னேன்.

சொல்லாமல் எப்படி இருப்பேன்? நான் ஒன்பது வருடம் தூங்காதவன். அப்போதெல்லாம் அலுவலகத்தில் என்னைக் கண்டால் ஒதுங்குவார்கள். ஒரு முறை மகளின் பள்ளிக்கூட வாசலில் நின்றபோது, எந்தப் பிள்ளையை அழைக்க வந்திருக்கிறீர்கள் என்று வாட்ச்மேன் கேட்டான். அவள் பெயர் வரவில்லை. அவன் முன்னால் அழுதேன். அந்த நரகத்திலிருந்து என்னை வெளியே இழுத்துப் போட்டது பட்டைதான். அதைப் பற்றி ஒரு நர்ஸ் இரண்டு வரியில் எழுதினால் எனக்குக் கோபம் வராதா?

சகாயராணிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. வார்டில் நடந்துகொண்டே ஒரு கத்தைத் தாளை என் கையில் திணித்தாள்.

"ஒரு வருஷத்துல பதினேழு பொம்பளைய. எல்லாம் துறைமுகக் குடியிருப்பு, கிரேன் ஓட்டுதவன் பெஞ்சாதிய. எல்லாம் அடுப்படியில பட்ட காயம். பாதிக்கு மேல கஞ்சி வடிக்கும்போது பட்டது."

"சோறு வடிக்கிற ஊர்ல கஞ்சி கொட்டத்தான் செய்யும். இதுக்காகவா என்னை வரச் சொன்னீங்க?"

"இருபது வருஷமா வடிச்ச கை சார். இப்பம் திடீர்னு எப்படிக் கொட்டும்?" அவள் நின்றாள். "பானையத் தூக்கிச் சாய்ப்பாவ. ரெண்டு செகண்டு அப்படியே நின்னுருவாவ. கண்ணு தொறந்திருக்கும், ஆளு இருக்காது. முழிச்சுப் பாத்தா கஞ்சி மடியில கெடக்கும். ராத்திரியெல்லாம் தூங்காத உடம்பு பகல்ல அப்படித்தான் களவாண்டு தூங்கும்."

"இவங்க தூங்கறாங்க சிஸ்டர். கொடுக்கும் பட்டை போட்டவங்க. தூங்கினாத்தானே கொடுக்க முடியும்?"

"கண்ணு மூடியிருக்கும். மூச்சு சீரா இருக்கும். பக்கத்துல படுத்திருக்கவன் பாத்தா தூங்குத மாதிரிதான் தெரியும். ஆனா ஆழம் பூராவும் அங்கிட்டுப் போயிருது. ஆறு மாசம் கொடுத்தா அதுக்கப்புறம் பட்டையக் கழத்தி வச்சுட்டுப் பகல்ல படுத்தாலும் தூக்கம் வராது. கொடுக்குதவுக எவ்வளவு தூங்குதாவன்னு நீங்க என்னைக்காவது அளந்தீயளா?"

அளக்கவில்லை. வாங்கும் பட்டை மட்டும்தான் தூக்கத்தை அளக்கும். தூங்குகிறவரின் தூக்கத்தை எதற்கு அளப்பது என்று வாரியம் விட்டுவிட்டது. அதை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னேன்.

"அளக்கலைன்னா என்ன? வீடு வீடா கேக்கறோமே. தூக்கம் வராம இருந்தா சொல்லியிருப்பாங்களே?"

"என்னன்னு கேக்குதீய?"

"'உங்கள் வீட்டில் தூக்கம் வராமல் அவதிப்படுகிறவர்கள் எத்தனை பேர்?' அதுவும் வீட்டு ஆம்பளைகிட்ட இல்ல, பெண்கள்கிட்டதான் கேக்கச் சொல்லியிருக்கேன். ஒரு வீட்டுல யார் தூங்கறா, யார் தூங்கலைன்னு அவங்களுக்குத்தான் தெரியும். அந்தக் கேள்வியை எழுதினதே நான்தான்."

சகாயராணி என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. "வாங்க" என்று ஏழாம் நம்பர் கட்டிலுக்குக் கூட்டிப்போனாள்.

கட்டிலில் இருந்தவள் பெயர் மிக்கேலம்மா. நாற்பது வயது. இரண்டு தொடையிலும் கட்டு. ஆறி வருகிற புண், அன்று சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள். கணவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், ஐந்து வருடமாக இவள் தூக்கத்தில் தூங்குகிறவன்.

"மிக்கேலம்மா, ஒங்க வீட்டுல மொத்தம் எத்தன பேரு?" என்றாள் சகாயராணி.

"நாலு பேரு சிஸ்டர்."

"யாரு யாரு?"

"எங்க வீட்டுக்காரவிய, மாமியா, பயலுவ ரெண்டு பேரு."

"நீ?"

அவள் ஏதோ வேடிக்கையைக் கேட்டதுபோல் சிரித்தாள். "நானும்தான் இருக்கேன். அதயும் சொல்லணுமாக்கும்?"

சகாயராணி என் பக்கம் திரும்பவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய் அங்கே இருந்தவளிடம் அதையே கேட்டாள். "அஞ்சு பேரு" என்றாள் அவள். பெயரைச் சொல்லி எண்ணினால் அவளைச் சேர்த்து ஆறு. தட்டு வைத்து, டம்ளர் வைத்து, மற்றவர்களை எண்ணி எண்ணிப் பழகிய கணக்கு. பரிமாறுகிறவள் அந்த வரிசையில் உட்கார்வதில்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என்ன ஜென்மங்கள் இவர்கள், தன்னை எண்ணத் தெரியாதவர்கள் என்று மனதுக்குள் திட்டினேன். அப்புறம்தான் என் கேள்வி நினைவுக்கு வந்தது. 'உங்கள் வீட்டில் எத்தனை பேர்' என்று நான் ஆறு லட்சம் வீடுகளில் கேட்டிருக்கிறேன். ஆறு லட்சம் பெண்கள் தங்களை விட்டுவிட்டு எண்ணிச் சொன்னதை, பதினான்கு அட்டவணை போட்டு, கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

"இன்னொண்ணும் கேக்கேன்" என்றாள் சகாயராணி. "முன்னால ஆம்பளையவிடப் பொம்பளைக்குத்தான் தூக்கம் கெட்டுக் கெடந்துச்சு, நீங்க எழுதினதுதான். வாங்குத பட்டை போட்டிருக்கதுல நூத்துக்கு எத்தன பேரு ஆம்பளைய?"

"தொண்ணூத்தாறு."

"அப்பம் பொம்பளையளுக்கு எந்த மருந்துல சொகமாச்சு சார்?"

ஆறு வருடமாக என் மேஜையிலேயே கிடந்த இரண்டு எண்கள் அவை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

"ஒங்க ஒம்பதாவது விதி எனக்குத் தெரியும்" என்றாள். "தூக்கம் வராதவகிட்டயிருந்து தூக்கம் எடுக்கக்கூடாது. பேரு பதிவேட்டுல ஏறிட்டா அன்னைக்கே அவ பட்டை அணைஞ்சு போகும். இவ இன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போறா. இத்தன நாளா மாமியா மகனுக்குக் கொடுத்தா, இனி முடியாதுன்னுட்டா. போனா புருஷன் மறுபடி கட்டிவிட்டுருவான். பேர எழுதுங்க."

நான் கைக்கணினியைத் திறந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "யாரக் கேட்டு எழுதுதீய?"

துறைமுகச் சட்டையோடு நின்றவன் மிக்கேலம்மாளின் கணவன் தொம்மை. கையில் அவளுக்குச் சோறு கொண்டுவந்த தூக்குவாளி. நல்ல உடம்பு, தெளிந்த கண். நன்றாகத் தூங்கி எழுந்தவனின் கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"எங்க வீட்டுல யாருக்கும் ஒரு கொறையும் கெடையாது. எழுதாதீய."

"ஒனக்குக் கொறையில்ல. அவளுக்கு இருக்கு" என்றாள் சகாயராணி.

"சிஸ்டர், நீங்க சும்மா இருங்க. நாப்பது டன் பெட்டிய ஆளுவ தலைக்கு மேல கொண்டுபோறேன். பட்டை வாரதுக்கு முன்னால என் கூட்டாளி ஒருத்தன் நாலு நாளு தூங்காமக் கிரேன்ல ஏறினான். கீழ நின்ன ரெண்டு பேர நாங்கதான் அள்ளிக் கட்டினோம். அதுக்குப் பொறவுதான சட்டம் போட்டாவ, தூக்கத்தக் காட்டாம கிரேன்ல ஏறக்கூடாதுன்னு? இப்பம் நீங்களே வந்து தூக்கத்தப் புடுங்கினா நான் எங்க போவேன்?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.

"அவ தூங்காம இருந்தா?" என்றேன்.

"அவ வீட்டுலதான இருக்கா?" என்றான். "அவ தலைக்கு மேல என்ன கெடக்கு? பகல்ல செத்த நேரம் படுத்துக்கிட வேண்டியதுதான்."

மிக்கேலம்மா அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எழுதலாமா என்று இதுவரை அவளிடம் யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுத வேண்டாம் என்றுதான் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் கைக்கணினியை மூடிக்கொண்டு போயிருப்பேன், அதுவும் நிஜம்.

"எழுதிட்டா இன்னைக்கே தூங்கலாமா சார்?" என்றாள்.

தொம்மை தூக்குவாளியை ஸ்டூலில் வைத்தான். நான் அவள் பெயரை எழுதினேன். பிறகு சகாயராணியின் தாளைப் பார்த்து மற்றப் பதினாறு பெயர்களையும் எழுதினேன். எழுத எழுத அந்தக் குடியிருப்பில் ஒவ்வொரு வீடாகக் கொடுக்கும் பட்டையின் பச்சை விளக்கு அணைந்துகொண்டிருந்திருக்கும். பதினேழு கிரேன்கள் நாளைக்கு நிற்கும். என் கணக்கை நானே திருத்துகிறேன் என்ற திமிர்தான் என் கையை நகர்த்தியது. நியாயம் என்று அதற்கு அப்புறம் பெயர் வைத்துக்கொண்டேன்.

தொம்மை என் பக்கத்தில் வந்து நின்றான். அடித்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் என் காதுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான். வாங்கும் பட்டை வருடக்கணக்கில் அழுத்தினால் அங்கே ஒரு கருத்த தழும்பு விழும். அவனுக்கும் இருந்தது.

"நீயும் வாங்குதவன்தான?" என்றான். "ஒனக்கு யாருலே கொடுக்கா?"

அரசாங்க அதிகாரியைப் பார்த்து இப்படிப் பேசியதற்கு வாரியத்துக்கு எழுதி அவன் உரிமத்தையே பிடுங்கியிருக்கலாம். அது ஏற்கெனவே போய்விட்டது. நான் கைக்கணினியை மூடிக்கொண்டு படியிறங்கினேன். வாசல்வரை சகாயராணி வந்தாள்.

"பட்டையவே நிறுத்துவாவளா சார்?"

"மாட்டாங்க. பதினேழு பேரும் ஒரே குடியிருப்பு. இது அந்த ஊர்க் கோளாறுன்னு எழுதி முடிச்சுருவாங்க. வேற ஊர்ல இன்னொருத்தர் இருந்தாத்தான் கோளாறு பட்டையிலன்னு ஆகும். அப்போ எல்லா இடத்துலயும் நிறுத்தித்தான் ஆகணும். விதி அது."

"வேற ஊர்ல ஒரே ஒரு பேரு போதுமா?"

"போதும்."

"எங்கிட்ட வந்த பதினேழுதான் எனக்குத் தெரியும். வீட்டுலயே பேஸ்டத் தடவிக்கிட்டு மத்த சோலியப் பாக்குதவ எத்தனையோ பேரு. தேடுவீயளா?"

"தேடறேன்" என்றேன். திருத்திய கணக்கை அன்று மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். மறுநாள் வாரியக் கூட்டம். மூன்று மாவட்டங்களில் பட்டையைக் கட்டாயமாக்குவது பற்றித்தான் கூட்டம்.

பஸ்ஸில் ஒன்றரை மணி நேரமும் தொம்மையைத் திட்டிக்கொண்டே வந்தேன். முரடன், சுயநலக்காரன், பெண்டாட்டியின் தொடை வெந்து கிடக்கிறபோது வேலையைப் பற்றிப் பேசுகிறவன். திட்டத் திட்டச் சொற்கள் தீர்ந்துபோயின. பாளையங்கோட்டை வந்தபோது மணி நாலரை.

பிரமு கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையில் டூத்பேஸ்ட் காய்ந்து உதிர்ந்து, கீழே தோல் சிவந்து பளபளத்தது. என் சட்டையை நாலாக மடித்தாள். பிறகு சட்டையின் மேல் கை வைத்தபடி நின்றாள். கண் திறந்திருந்தது. நான் எண்ணினேன், அதுதானே என் தொழில். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு அவள் அடுத்த சட்டையை எடுத்தாள்.

"வந்துட்டீயளா? காபி போடட்டா?"

"பிரமு, நம்ம வீட்டுல மொத்தம் எத்தனை பேரு?"

"என்ன கேள்வி இது? மூணு பேரு."

மாமா, நீங்க, பிள்ளை என்று அவள் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. என் அப்பாவும் மகளும் நானும். நாலாவது ஆள் என் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ ராத்திரி தூங்குதியா?"

"எனக்கென்ன. படுத்தாத் தூங்கிருவேன். நீங்க பாக்குதீயள்லா?"

பார்க்கிறேன். கண் மூடியிருக்கும், மூச்சு சீராக இருக்கும். ஐந்து வருடமாக அதைப் பார்த்துவிட்டுத்தான் என் பட்டையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடத்தில் தூங்கியிருக்கிறேன்.

அறைக்குள் போய்க் கைக்கணினியைத் திறந்தேன். பதினேழு பெயர்களுக்குக் கீழே பதினெட்டாவது வரி காலியாக இருந்தது. ஊர், தெரு, பெயர் என்று மூன்று கட்டம். பாளையங்கோட்டை என்று எழுதினேன். தெருவையும் எழுதினேன். ஒரு பெயர் போதும். ஒரு பெயர் எழுதினால் மூன்று மாவட்டம் தப்பிக்கும், மிக்கேலம்மா மாதிரி எத்தனையோ பேர் இனி படுத்துத் தூங்குவார்கள், பிரமுவும் தூங்குவாள். நான் மறுபடி பள்ளிக்கூட வாசலில் நிற்பேன்.

அழித்துவிட்டேன். வீட்டுப் பெண் சொல்வதைத்தான் பதிய வேண்டும் என்பது என் கணக்கெடுப்பின் முதல் விதி. அவள் தூங்குகிறேன் என்று சொன்னாள். விதியை மீறி நானாக ஒரு பெயரைச் சேர்க்க முடியுமா? இப்படியெல்லாம் நினைக்க எனக்கு நாலு நிமிடம் ஆனது. தொம்மைக்கு வார்டில் அந்த நாலு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை, அவன் நேராகவே கேட்டான். அந்த விதத்தில் அவன் என்னைவிட யோக்கியன்.

ஐந்து மணி ஐம்பத்திரண்டுக்குப் பதினேழு என்று எழுதி அனுப்பினேன்.

சாப்பிட்டு முடித்ததும் பிரமு இரண்டு பட்டைகளையும் சார்ஜரிலிருந்து எடுத்துவந்தாள். என்னுடையதை ஈரத்துணியால் துடைத்து, வார் முறுக்கிக்கொள்ளாமல் நீவிக் கொடுத்தாள். தன்னுடையதை ஒரு கையால் கட்டத் திணறினாள், மற்றக் கையை மடக்க முடியவில்லை.

"செத்த இதக் கட்டிவிடுங்க" என்றாள்.

கட்டிவிட்டேன். பச்சை விளக்கு எரிந்தது.

காலையில் என் பட்டை ஏழு மணி நேரம் பதினோரு நிமிடம் என்று காட்டியது. அந்தக் கணக்கில் பிழை கிடையாது.